இரவில் மங்கும் டாஷ்போர்டு: பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு உள்ளே பெயின்ட் அடிப்பது

தெருவிளக்கெல்லாம் முடிந்து, இரண்டு பக்கமும் வயல் தொடங்கும் இடத்தில்தான் இந்தக் குறை தெரியவரும். வேகம் எவ்வளவு என்று பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருக்கும். முள் 40-இல் நிற்கிறதா 60-இல் நிற்கிறதா என்று புரியாது. பகலில் அழகாக இருந்த டயல், இரவில் டீக்கறை படிந்த தட்டு மாதிரி மங்கிக் கிடக்கும்.

என்னிடம் இருப்பது 1969 மாடல் எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கும் பலரைப் போல நானும் முதலில் பல்பைத்தான் மாற்றினேன். பிறகு மீட்டரைக் கழற்றி உள்ளே பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த மீட்டர்களில் பல்பைவிட, டப்பாவின் உள்சுவரில் அடித்திருக்கும் பெயின்ட்தான் பெரிய வேலை செய்கிறது.

காரணம் எளிது. இந்தக் கார்களுக்கு ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த மீட்டரின் டயல் ஒரு உலோகத் தகடு. ஒளி அதை ஊடுருவாது. பல்பு டப்பாவின் பின்பக்கம் இருக்கிறது. டயலின் விளிம்புக்கும் டப்பாச் சுவருக்கும் நடுவில் ஒரு சிறிய சந்து. பல்பின் ஒளி உள்சுவரில் பட்டு, அங்கிருந்து இன்னொரு இடத்தில் பட்டு, சந்து வழியாக முன்னால் வந்து, அப்புறம்தான் டயலின் முகத்தில் விழுகிறது. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஒளி போய்விடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவர் 85 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பினால், மூன்று மோதலுக்குப் பிறகு 61 சதவீதம் மிஞ்சும். அதே சுவர் பழுப்பேறி 50 சதவீதம்தான் திருப்புகிறது என்றால் மிஞ்சுவது 12.5. முன்பு மிஞ்சியதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இதைப் பல்பாலேயே ஈடுகட்ட நினைத்தால் 2.2 வாட் பல்பு இருக்கும் இடத்தில் 11 வாட் பல்பு வேண்டும். அந்தச் சூட்டில் மீட்டரே வெந்துவிடும்.

கழற்றும் முன் இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் கார் 1950-களுக்கோ அதற்கு முன்போ உரியது, எண்களிலும் முள்ளிலும் கட்டிகட்டியாகப் பழுப்பு நிறப் பூச்சு இருக்கிறது என்றால், அது ரேடியம் கலந்த ஒளிரும் பூச்சாக இருக்கலாம். இப்போது அது ஒளிராமல் இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம்; ஒளிரும் வேதிப்பொருள்தான் கெட்டிருக்கும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். அப்படிப்பட்ட மீட்டரைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், அதற்கென்று பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். இரண்டாவது, பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. எனவே உட்சுவரை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். குழந்தைகள் சாப்பிடும் மேசையில் இந்த வேலை வேண்டாம்.

எல்லா மீட்டரும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கிறது

இதைப் பெயின்ட் கோளாறு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். எல்லாம் ஒன்றாக மங்கினால் மின்சாரம் சரியாக வரவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பல்பு ஹோல்டரை வெளியே இழுங்கள். ஹோல்டரின் உலோகப் பகுதியை ஒரு வயரால் பாடியோடு எர்த் செய்து, பார்க்கிங் விளக்கைப் போடுங்கள். பல்பின் இழை வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் சரி. ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக எரிந்தால் வழியில் எங்கோ வோல்டேஜ் போகிறது.

முதல் சந்தேகம் டாஷ்போர்டு விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழ் மேல். அதற்குள் இருக்கும் கம்பிச்சுருளில் துரு பிடித்து, முழுதாகத் திருப்பினாலும் மின்தடை மிச்சம் இருக்கும். இந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயரிங்கில் பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு வயர், மீட்டர் விளக்குக்குச் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். டிம்மரில் வந்து சேரும் இரண்டு வயர்களையும் சிறிது நேரம் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் திருடன் அகப்பட்டான். டிம்மரைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள்.

பல்பையும் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பல வருடம் எரிந்த பல்பின் கண்ணாடிக்குள் டங்ஸ்டன் படிந்து கறுத்திருக்கும். இந்தக் கார்களில் பெரும்பாலும் லூகாஸ் 987 எண் பல்புதான்: 12 வோல்ட், 2.2 வாட், திருகு வகை. விலை குறைவு, எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம்.

இதெல்லாம் சரியாகியும் டயல் மங்கலாகவே இருக்கிறதா? அப்போது பெயின்ட்தான்.

ஒளி மஞ்சளாக, அழுக்காகத் தெரிகிறது

நல்ல பல்பு, நல்ல வோல்டேஜ், ஆனாலும் டயல் பழைய காகித நிறத்தில் இருக்கிறது. உள்சுவர் மஞ்சளாகிவிட்டது என்று அர்த்தம். வெயில் படாத மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பெயின்ட் எப்படி மஞ்சளாகும் என்று கேட்கலாம். எண்ணெய் அடிப்படையிலான இனாமல் பெயின்ட் இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் ஓரளவு வெளுக்கும். வீட்டுக் கதவில் மாட்டிய படத்துக்குப் பின்னால் இருக்கும் பெயின்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மீட்டருக்குள் இருட்டும் உண்டு, பல்பின் சூடும் உண்டு. ஐம்பது வருடத்தில் அது மஞ்சளாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதனால்தான் திரும்ப அடிக்கும்போது சிந்தெட்டிக் இனாமல் வேண்டாம் என்கிறேன். கடைக்காரர் நல்ல பளபளப்பு வரும் என்று சொல்லித் தருவார். வாங்காதீர்கள். அக்ரிலிக் வெள்ளை, பளபளப்பு இல்லாத மேட் ரகம் போதும். அது மஞ்சளாகாது, மேட் என்பதால் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடும்.

பல்பு இருக்கும் பக்கம் மட்டும் பழுப்பாக அல்லது கறுப்பாக இருக்கிறது

யாரோ முன்பு பெரிய பல்பு போட்டிருக்கிறார்கள். டப்பாவைத் திறந்தால் பல்பு இருந்த துளையைச் சுற்றி ரொட்டி கருகின மாதிரி ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை மட்டும் வெள்ளையடித்து விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கருகிய பெயின்டின் மேல் புதுப் பெயின்ட் பிடிக்காது. முழுவதையும் எடுத்துவிட்டு அடியுங்கள், 2.2 வாட் பல்புக்குத் திரும்புங்கள்.

டயலின் மேல் வெள்ளைச் செதில்கள் விழுந்து கிடக்கின்றன

இதுதான் உண்மையில் அவசரமான அறிகுறி. வெளிச்சம் குறைந்தால் கண்ணுக்குச் சிரமம், அவ்வளவுதான். செதில் உதிர்ந்தால் ஸ்பீடோமீட்டரே கெட்டுப்போகும். ஸ்பீடோமீட்டருக்குள் கேபிளோடு சுழலும் ஒரு காந்தமும், அதைத் தொடாமல் மூடியிருக்கும் ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணமும் இருக்கின்றன. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதை இழுக்கிறது. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் எதிர்த்திசையில் பிடித்து நிறுத்துகிறது. முள் காட்டும் வேகம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சமநிலைதான். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஒரு செதில் அதற்குள் போனால் போதும், முள் துடிக்கும் அல்லது ஓர் இடத்தில் சிக்கி நிற்கும்.

செதில் உதிர்வதற்குப் பெரும்பாலும் ஈரமும் துருவும் காரணம். இன்னொன்றும் உண்டு: துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டில் எண்ணெய் இனாமலை நேரடியாக அடித்தால், துத்தநாகத்துக்கும் பெயின்டுக்கும் நடுவில் சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாகி, பெயின்ட் தோல் மாதிரி உரியும். யாராவது இடையில் ஒருமுறை அடித்த மீட்டர்களில் இதைப் பார்க்கலாம். செதில் தெரிந்தால் கேபிளைக் கழற்றி வையுங்கள், பெயின்ட் வேலை முடியும் வரை ஓட்ட வேண்டாம்.

சரி, இனி டப்பாவைத் திறக்கலாம்.

பேட்டரியின் இணைப்பை முதலில் எடுங்கள். மீட்டருக்குப் பின்னால் ஒரு பிராக்கெட்டும் கையால் திருகும் நட்டுகளும் இருக்கும். எந்த வயர் எங்கே என்று போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சில கார்களில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மீட்டரிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் எஞ்சின் வரை போகும். அதற்குள் ஈதர் இருக்கிறது. வெட்டினாலோ மடித்து உடைத்தாலோ அந்த மீட்டர் அதோடு முடிந்தது. எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி, முழுக் குழாயோடு சேர்த்து வெளியே எடுங்கள். உள்சுவர் படுமோசமாக இல்லாதவரை அந்த மீட்டரைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

முன்பக்க வளையத்தை நெம்பி எடுக்கக் கூடாது. அதன் ஓரத்தில் உள்பக்கம் மடிந்த சிறு நாக்குகள் இருக்கும். டப்பாவின் உதட்டில் அதற்கேற்ற வெட்டுகள் இருக்கும். வளையத்தைத் திருப்பி நாக்கும் வெட்டும் நேர்படும்போது அது தானாக வந்துவிடும். ஐம்பது வருடம் ஒட்டிப்போன ரப்பர் அதை விடாது. மீட்டரைக் கவிழ்த்து, ஒரு பழைய ரப்பர் விரிப்பின் மேல் இரண்டு கையாலும் அழுத்தி, டப்பாவைத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் முடி உலர்த்தும் கருவியால் வளையத்தைச் சற்றே சூடாக்கி மறுபடி முயலுங்கள். துரு நீக்கும் எண்ணெயை மட்டும் தெளிக்காதீர்கள். அது கசிந்து உள்ளே போய் டயலில் கறையாகும். அந்தக் கறை போகவே போகாது.

சென்னையில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. உங்கள் மீட்டர் வளையத்திலும் நாக்குகள் இருந்தால் இதே முறைதான். வளையம் டப்பாவோடு சுற்றிலும் மடித்து இறுக்கப்பட்டிருந்தால், போக்ஸ்வாகன் பீட்டில் காரில் வரும் விடிஓ நிறுவன மீட்டர்கள் போல, அது வேறு வேலை. அந்த மடிப்பைப் பிரித்துத் திரும்ப மடிக்கக் கை பழக வேண்டும்.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் டயலோடு உள்ளிருக்கும் இயந்திரம் வெளியே வரும். முள்ளைத் தொடாதீர்கள், டயலைத் துணியால் துடைக்காதீர்கள். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். எண்கள் அப்படியே கையோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, வேறு அறையில் வையுங்கள். வேறு அறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இருப்பது காந்தம். இரும்பைத் தேய்க்கும் இடத்தில் அது இருந்தால் இரும்புத்தூளையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

இப்போது வெறும் டப்பா கையில். அதைச் சுத்தம் செய்யும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே வெள்ளைதானா? பல மீட்டர்களில் உள்சுவர் வெளிர் பச்சையாக அல்லது வெளிர் நீலமாக இருக்கும். பல்பின் சூடு படாத மூலையில் அசல் நிறம் தங்கியிருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஒரு செதிலையும் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பச்சைதான் இரவில் அந்தக் காருக்கே உரிய குளுமையான ஒளியைத் தந்தது. வெள்ளை அடித்தால் வெளிச்சம் கூடும், ஆனால் நிறம் மாறிவிடும். நான் அசல் நிறத்தின் பக்கம்தான். கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் கார் அந்தக் காராகத் தெரிய வேண்டும்.

பழைய பெயின்டைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். அப்புறம் 240 எண் உப்புத்தாள், பிறகு 400, இரண்டும் தண்ணீர் தொட்டு. நன்றாகக் கழுவி, சூடான இடத்தில் முழுவதும் உலரவைத்து, தின்னர் தோய்த்த துணியால் ஒருமுறை துடையுங்கள். பிறகு மாஸ்கிங் டேப். பல்பு ஹோல்டர் நுழையும் துளைகளின் விளிம்பு, வளையம் உட்காரும் உதடு, பின்பக்க எர்த் முனை, இந்த மூன்றிலும் பெயின்ட் படக் கூடாது. உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் அக்ரிலிக் மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். மூன்றையும் ஒன்றாக்கி ஒரே தடிமனாக அடித்தால் மூலையில் வழிந்து தேங்கும்.

கண்ணாடிக்கு அடியில் உள்ள கறுப்பு உள்வளையத்தை வெள்ளையாக்கினால் இன்னும் வெளிச்சம் வருமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். பகலில் வெயில் அதில் பட்டு எண்களை மறைக்கும்.

புதுப் பெயின்ட் சுருங்கித் தோல் மாதிரி எழும்புகிறது

பழைய இனாமல் மிச்சம் இருந்த இடத்தில் புதுப் பெயின்டின் கரைப்பான் அதை ஊறவைத்துக் கிளப்பிவிட்டது. மேலே இன்னொரு பூச்சு அடித்தால் சரியாகாது. முழுவதையும் எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

மீட்டரைப் பொருத்திய பிறகு பல்பு எரியவில்லை

பெயின்ட் அடித்தவர்களுக்கு அதிகம் வரும் கோளாறு இதுதான். ஹோல்டருக்குத் தனி எர்த் வயர் இருக்காது. அதன் உலோகக் கால்கள் டப்பாவைத் தொட்டுத்தான் எர்த் கிடைக்கிறது. துளையின் விளிம்பில் பெயின்ட் ஏறிவிட்டால் சுற்று பூர்த்தியாகாது. விளிம்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டால் எரியும். அப்போதும் எரியாவிட்டால் பின்பக்கத்து எர்த் முனையைப் பாருங்கள்.

எல்இடி போட்டும் எரியவில்லை என்றால் அது வேறு கதை. எம்ஜிபி 1967 வரை பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சாதாரண பல்புக்கு அது பொருட்டே இல்லை. எல்இடிக்கு மின்சாரம் பாயும் திசை முக்கியம்.

ஓர் இடத்தில் மட்டும் பளிச்சென்று, மற்ற இடம் இருட்டாக

பளபளப்பான பெயின்டோ வெள்ளித் தாளோ ஒட்டியிருப்பீர்கள். கண்ணாடி போல அவை ஒளியை ஒரே திசையில் திருப்பும். மேட் வெள்ளையை மேலே ஒரு பூச்சு அடித்தால் ஒளி பரவிவிடும். எல்இடியாலும் இப்படி வரும், ஏனென்றால் பல எல்இடிகள் முன்னோக்கி மட்டுமே ஒளிவீசும். உள்சுவருக்கு ஒளியே போகாது. பக்கவாட்டிலும் எரியும் ரகம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பல்பே மேல்.

ஹை பீம் போட்டால் டயல் முழுவதும் நீலமாகிறது

எச்சரிக்கை விளக்குக்கென்று உள்ளே ஒரு சிறு குழாய் உண்டு. சுத்தம் செய்யும்போது அது நகர்ந்திருக்கும், அல்லது அதன் முனையில் இருந்த ரப்பர் வளையம் உதிர்ந்திருக்கும். திரும்ப உட்காரவையுங்கள்.

கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி இருக்கிறது

இதில் நான் தவறு செய்திருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருந்தது, அடுத்த நாளே மூடிவிட்டேன். இரண்டு வாரத்தில் கண்ணாடிக்குள் எண்ணெய்ப் படலம் போல ஒரு மங்கல். தொடுவதற்கு உலர்வது வேறு, கரைப்பான் முழுதும் வெளியேறுவது வேறு. மூடிய டப்பாவில் பல்பு சூடேறும்போது மிச்சமுள்ள கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். ஓடிய தூரத்தைக் காட்டும் பிளாஸ்டிக் எண் சக்கரங்களையும் அது பாதிக்கலாம். இப்போது குறைந்தது ஒரு வாரம், சூடான அலமாரியில் திறந்தபடி வைக்கிறேன். மூடும் முன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை வருகிறதென்றால் இன்னும் நாள் ஆகவில்லை.

வளையம் திரும்ப ஏறவில்லை

உதட்டில் பெயின்ட் தடித்துவிட்டது. சுரண்டிவிட்டு, புது ரப்பர் வளையம் போடுங்கள். பழைய ரப்பரைத் திரும்பப் பயன்படுத்தினால் ஈரம் உள்ளே போகும், துரு வரும், எல்லாம் முதலிலிருந்து.

முள் துடிக்கிறது

நல்ல வேளையாக, இதற்கு எல்லா நேரமும் உள்ளே விழுந்த பெயின்ட்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கேபிளைக் கழற்றி, மீட்டரின் பின்துளையில் பொருந்தும் ஒரு சிறு சதுரக் கம்பியை விட்டு விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். முள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் மீட்டர் நலம். கேபிள்தான் வறண்டோ வளைந்தோ இருக்கிறது. கேபிளுக்குக் கிரீஸ் தடவும்போது மீட்டர் பக்கம் கடைசி 15 சென்டிமீட்டரை உலர்வாக விடுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் சுழன்று மேலேறி, இவ்வளவு பாடுபட்டு அடித்த வெள்ளைச் சுவரில் போய்த் தெறிக்கும். முள் அடிக்கடி ஒரே இடத்தில் தட்டினால் மட்டும் மீண்டும் திறந்து, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே செதில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் ஊதாதீர்கள், இன்னும் ஆழமாகப் போகும். ஒட்டும் டேப்பை ஒரு மெல்லிய காகித நுனியில் சுற்றி, ஒட்டி எடுங்கள்.

வளையத்தைக் கடைசியாகத் திருப்பி மூடும் முன், மேசையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியை இணைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். காரிலிருந்து இன்னும் கழற்றாத மீட்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். எனக்கு அன்று 30-இன் பூஜ்யத்துக்குள் இருந்த சிறு கீறல்கூடத் தெரிந்தது. மறுநாளே மற்ற மூன்று மீட்டர்களையும் கழற்றினேன்.